கொளவாயை ஊட்டியாக்க வேண்டாம்

சிங்கப்பெருமாள் கோயிலில் மின்சார ரயில் ஏறி செங்கல்பட்டுக்குப் போகிறவர்களின் பேச்சு, பரனூர் தாண்டியதும் ஒரே பக்கம் திரும்பும். ஜன்னலுக்கு வெளியே கொளவாய் ஏரி தொடங்கிவிடும். மழை முடிந்த கையோடு பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர்தான். "இவ்வளவு தண்ணி சும்மா கெடக்குது பாருங்க சார். இதுவே ஊட்டியா இருந்தா படகு விட்டே கோடிக்கணக்குல சம்பாதிச்சிருப்பான்" என்பார் ஒருவர். எதிரே இருப்பவர் மறுக்க மாட்டார். தன் பங்குக்கு, ஆலப்புழையில் படகு வீட்டில் ஒரு ராத்திரி தங்கிய கதையைச் சொல்லி, "அது மாதிரி நாலு போட்டு விட்டாலே போதும்" என்று முடிப்பார்.

ரயிலோடு போகிற பேச்சாக இருந்தால் விட்டுவிடலாம். இதே பேச்சு மனுவாகிறது, தேர்தல் வாக்குறுதியாகிறது, கடைசியில் திட்ட மதிப்பீடாகி நிற்கிறது. ஏரியைத் தூர்வாருவதாக எங்கே அறிவித்தாலும் பின்னாலேயே நடைபாதை, பூங்கா, அலங்கார விளக்கு, படகு இல்லம் என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்த வாலுக்காகத்தான் பலர் தலையையே வரவேற்கிறார்கள். ஏரி பிழைக்க வேண்டுமானால் அது சுற்றுலாத் தலமாக வேண்டும் என்பது இன்று படித்தவர், படிக்காதவர், ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்ற வித்தியாசமில்லாத பொதுக் கருத்து. அது தவறு என்பதே என் வாதம்.

அந்தக் கருத்தில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. மறைமலை நகரிலும் ஒரகடத்திலும் ஆறு நாள் ஷிப்ட் பார்க்கிற தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போக ஓர் இடம் வேண்டும். சிங்கப்பெருமாள் கோயிலில் பாடலாத்ரி நரசிம்மரின் குன்றைச் சுற்றிக் கும்பிட்ட பிறகு அடுத்து எங்கே என்று கேட்கிற பிள்ளைக்கு அப்பனிடம் பதில் இல்லை. ஊட்டிக்குப் போய்வர ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போய்விடும். இன்னொரு வாதமும் உண்டு: நாலு பேர் வந்து போகிற ஏரியை எவனும் வளைத்துப்போட மாட்டான், ஆள் நடமாட்டம் இல்லாத ஏரிதான் ராவோடு ராவாக வீட்டுமனை ஆகிறது. இரண்டுக்கும் பதில் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. அதற்கு முன் முன்மாதிரி என்று காட்டப்படுகிற மலை ஏரிகளை ஒரு முறை கிட்டே போய்ப் பார்த்துவிடலாம்.

ஊட்டி ஏரி இயற்கை தந்த வரம் அல்ல. வெள்ளைக்கார அதிகாரி ஜான் சல்லிவன் 1824 வாக்கில் பள்ளத்தாக்கு ஓடைகளுக்குக் குறுக்கே கரை போட்டு உண்டாக்கியது. அந்தக் கரை உடைந்ததில் மூன்று முறை ஏரி காலியாகியிருக்கிறது. சுற்றுலாத் துறை படகு விடுவதற்காக ஏரியைக் கையில் எடுத்தது 1973-இல். அரை நூற்றாண்டாகப் படகு ஓடுகிறது. லட்சக்கணக்கில் கூட்டம் வருகிறது. இத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருந்தும் ஊட்டி நகரத்தின் கழிவுநீர் கோடப்பமந்து கால்வாய் வழியாக அதே ஏரிக்குள் வந்து விழுவதை நிறுத்த முடியவில்லை. பச்சை நிறத்தில் தெரிவதை அழகு என்று படம் பிடித்துக்கொண்டு வருகிறோம். ஆக்கிரமிப்புக் கதையும் அப்படித்தான். சல்லிவன் உண்டாக்கிய ஏரியின் பரப்பில் கணிசமான பகுதி இன்று பேருந்து நிலையம், குதிரைப் பந்தய மைதானம், பூங்கா. வேலி போட்டு வளைத்தவன் எந்த ரியல் எஸ்டேட்காரனும் இல்லை. ஏரி அழகாக இருக்கிறது, அதையொட்டி இடமும் இருக்கிறது என்று கண்டுகொண்ட அரசாங்கங்கள்தாம்.

கொடைக்கானல் ஏரியை 1863-இல் உண்டாக்கியவர் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச். 1890-இலேயே அங்கே படகுச் சங்கம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் இந்த அளவுக்குப் பேர் பார்த்த ஏரிகள் சிலதான். ஆனாலும் ஊரில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் அந்த ஏரியின் நீரிலும் மீனிலும் இருந்ததை விஞ்ஞானிகள் சோதித்துச் சொல்ல வேண்டியிருந்தது. தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது, அதை எதிர்த்து எழுந்த போராட்டத்தால். மிதிபடகில் போன யாருடைய கண்ணும் ஏரியைக் காவல் காக்கவில்லை. சுற்றுலாப் பயணியின் கண் ஏரியைப் பார்ப்பதே இல்லை, செல்போன் திரையைத்தான் பார்க்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். சரி, சொல்லவில்லை.

அதே கொடைக்கானல் மலையில் இன்னோர் ஏரி இருக்கிறது. பேரிஜம். வனத்துறை அனுமதிச் சீட்டு இல்லாமல் போக முடியாது, படகு கிடையாது. பெரியகுளம் ஊருக்குக் குடிநீர் அங்கிருந்து வருகிறது. அந்தத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று போய்வந்தவர்களைக் கேளுங்கள். ஒரே மலை, ஒரே மழை. ஒன்றுக்குப் படகு, இன்னொன்றுக்கு வேலை. எது நன்றாக இருக்கிறது என்பதற்கு நான் வேறு சாட்சி தேட வேண்டியதில்லை.

இந்த முன்மாதிரிகள் தாமே மூச்சுத் திணறுகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டு அது 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் கோடைக்காலத்துக்கு எண்ணிக்கையே வகுத்துவிட்டார்கள்: ஊட்டிக்கு வார நாளில் 6 ஆயிரம் வண்டிகள், வார இறுதியில் 8 ஆயிரம், கொடைக்கானலுக்கு 4 ஆயிரம், 6 ஆயிரம். மேலே வராதே என்று நீதிமன்றம் தடுத்து நிறுத்துகிற கூட்டத்தை, கீழே வா வா என்று பரனூர் சுங்கச்சாவடி வழியாக அழைக்கத் துடிக்கிறோம். ஞாயிறு மாலை அந்தச் சாவடியில் இப்போதே வண்டி எப்படி நிற்கிறது என்பது ஜி.எஸ்.டி. சாலைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் ஊட்டியும் கொடைக்கானலும் அசிங்கப்பட்டுவிட்டன என்பது என் முதன்மையான வாதம் அல்ல. "நாங்க சுத்தமா வச்சுப்போம்" என்று ஒரே வரியில் அதைத் தள்ளிவிடலாம். வைத்துக்கொள்ளவும் முடியலாம். தள்ள முடியாத காரணம் வேறு. மலை ஏரிக்கும் செங்கல்பட்டு ஏரிக்கும் வேலை வேறு.

படகுக்கு வேண்டியது ஒரே மட்டத்தில் நிற்கிற தண்ணீர். படித்துறை ஓரிடத்தில் கட்டப்படுகிறது. அந்தப் படிக்கு நேராகத் தண்ணீர் நிற்க வேண்டும். நாலடி இறங்கினால் சேற்றில் இறங்கி ஏற வேண்டும். எட்டடி இறங்கினால் படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு டிக்கெட் கவுன்டரைப் பூட்ட வேண்டியதுதான். பாசன ஏரியின் உயிரோ ஏறி இறங்குவதில் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் வரத்துக் கால்வாய் வழியே வந்து நிரம்பி, மிஞ்சியது கலங்கலில் பாய்ந்து அடுத்த ஏரிக்குப் போக வேண்டும். தையில் சம்பா அறுப்பு முடியும்போதே நவரை நடவு நடந்திருக்கும். மாசி, பங்குனி இரண்டு மாதமும் மதகு திறந்தே இருக்கும். நாளுக்கு நாள் தண்ணீர் இறங்கும். இறங்க இறங்கத்தான் கதிர் முற்றும். சித்திரையில் நவரையை அறுத்து களம் சேர்க்கும்போது ஏரியின் பெரும்பகுதி வெடித்த சேறாகக் கிடக்கும். அதில் மாடு மேயும். வண்டல் அள்ளி வண்டி வண்டியாக வயலுக்கு அடிப்பார்கள். பார்க்கிறவனுக்கு அது செத்த ஏரி. ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கிற ஆயக்கட்டுக்காரனுக்கு அது வேலையை முடித்துவிட்ட ஏரி.

இப்போது பள்ளிக்கூடத்தின் நாள்காட்டியை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். முழு ஆண்டுத் தேர்வு முடிவது ஏப்ரலில், விடுமுறை மே கடைசி வரை. தமிழ்நாட்டில் எந்தப் படகு இல்லத்துக்கும் அதுதான் அறுவடைக் காலம். ஏரி வற்ற வேண்டிய மாதத்தில் படகுக்காரனுக்குத் தண்ணீர் வேண்டும். பங்குனியில் மதகைத் திறக்கச் சொல்லி ஆயக்கட்டுக்காரர் கேட்கும்போது, மேயில் கூட்டம் வருமே என்று குத்தகைதாரர் அதே அலுவலகத்தின் இன்னொரு கதவில் நிற்பார். ஒருவர் கையில் நெல், இன்னொருவர் கையில் நுழைவுச்சீட்டு விற்ற கணக்கு. யார் பேச்சு எடுபடும் என்று நினைக்கிறீர்கள்?

மதகைக் கிட்டே போய்ப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் தெளிவாகப் புரியும். கரைமேல் இரண்டு கல்தூண், மேலே குறுக்குச் சட்டம், நடுவே திருகு வெட்டிய இரும்புக் கம்பி. கம்பியின் அடியில் தண்ணீருக்குள் அடைப்புப் பலகை. கம்பியைத் திருகினால் பலகை ஏறும், கரைக்கு அடியில் இருக்கிற கண் வழியாகத் தண்ணீர் அந்தப் பக்கம் கால்வாயில் குபுகுபுவென்று வெளியேறும். திருகுகிற கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துக்கொள்கிற நீர்க்கட்டிகள், அதாவது மதகைத் திறந்து மூடும் ஊர்ப் பணியாளர்கள், பல ஊரில் இருந்தார்கள். கண்டவன் கை வைக்கக் கூடாது என்பதற்காக. ஏரியின் அதிகாரம் மொத்தமும் அந்தக் கைப்பிடியில் இருந்தது. படகு இல்லம் வருகிற நாளில் அந்தக் கைப்பிடி டிக்கெட் கவுன்டருக்கு இடம் மாறும்.

"அதனாலதான் ஆழப்படுத்தச் சொல்றோம். ஆழமா வெட்டிட்டா வயலுக்கும் ஆச்சு, படகுக்கும் ஆச்சு" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மதகின் கண் ஏரியில் ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் இருக்கிறது. அதற்கு மேலே நிற்கிற தண்ணீர்தான் தானாக இறங்கி வயலுக்குப் பாயும். அதற்குக் கீழே பத்தடி தோண்டினாலும் இருபதடி தோண்டினாலும், அந்தத் தண்ணீர் மோட்டார் வைத்து இறைத்தாலொழிய கால்வாய்க்கு ஏறாது. சேர்ந்துபோன வண்டலை எடுப்பது அவசியம். அதற்கும் கீழே குழி பறிப்பது வேறு சமாச்சாரம். அந்தக் குழியில் கோடையிலும் நிற்கிற தண்ணீர் ஆயக்கட்டுக்குப் பயன்படாது, படகுக்கு மட்டும் கச்சிதமாகப் பயன்படும். நிலத்தடி நீருக்கு ஓரளவு நன்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாசன ஏரியைச் சீரமைப்பதாகச் சொல்லிக் கேளிக்கைக் குளம் வெட்டுவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை என்பதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சுற்று நடைபாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஏரிக்குக் கரை ஒரு பக்கம், அல்லது வில்லாக வளைந்து இரண்டு மூன்று பக்கம். மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். மழைநீர் வயல்வெளி வழியாகப் பரவி உள்ளே வருவது அந்தத் திறந்த பக்கத்தில்தான். காலையில் வாக்கிங் போகிறவர் புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்து சேர வேண்டும் என்பதற்காக நான்கு பக்கமும் மண்ணைக் கொட்டி, மேலே பேவர் பிளாக் பதித்தால், ஏரியின் வாயையே அடைத்தாகிவிட்டது. பெங்களூரு ஏரிகள் பலவற்றுக்கு இப்படித்தான் வட்டக் கரை கட்டிக் கிண்ணமாக்கிவிட்டார்கள். பிறகு, மழை பெய்தும் ஏரி நிரம்பவில்லையே என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள்.

இதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். "என்ன சார் ஆயக்கட்டு, நவரைன்னு பழைய கதை? கொளவாய்க்குக் கீழ வயலே எங்க இருக்கு? எல்லாம் பிளாட் ஆயிடுச்சு." பல இடங்களில் அது உண்மைதான். வயல் போனால் ஏரிக்கு வேலை போய்விடுகிறதா? அந்த பிளாட்டுகளில் குடியிருப்பவர்களின் போர்வெல்லுக்குத் தண்ணீர் எங்கிருந்து ஊறுகிறது? டேங்கர் லாரி எங்கே போய் நிரப்புகிறது? அதைவிட முக்கியம், வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஏரியில் இடம் காலியாக இருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் அழகுக்காக நிரப்பியே வைத்திருக்கிற ஏரிக்குள் நவம்பர் மழை எங்கே போய் உட்காரும்? 2015 டிசம்பர் 1-ஆம் தேதி, ஏறக்குறைய நிரம்பி நின்ற செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29 ஆயிரம் கன அடி திறந்துவிட வேண்டிய நிலை வந்ததே, அதை அடையாற்றுக் கரையில் இருந்தவர்கள் மறக்கவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் நீர்வளத்துறையின் கையில் மட்டும் 528 ஏரிகள். ஒன்றின் கலங்கல் அடுத்ததன் வரத்து. நடுவில் ஒன்றை எப்போதும் நிரப்பியே வைத்திருப்பது சங்கிலியில் ஒரு கண்ணியைப் பற்றவைப்பது போலத்தான்.

நீர்மட்டத்துக்காக நடக்கும் சண்டை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தேக்கடி இருக்கிறது. படகில் ஏறி யானை பார்க்கிற ஏரி என்று நாம் நினைப்பது, 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கம். தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை அதன் தண்ணீர் போகிறது. 1979-இல் நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. 142 அடி தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொல்லி, கேரளம் அதைத் தடுக்கச் சட்டம் போட்டு, அந்தச் சட்டம் செல்லாது என்று 2014-இல் மறுபடியும் தீர்ப்பு வர வேண்டியிருந்தது. கேரளத்தின் வாதம் அணையின் பாதுகாப்பு. ஆனால் மட்டம் இறங்கியிருந்த காலத்தில் நீர்ப்பிடிப்பு ஓரத்தில் முளைத்த விடுதிகளும் படகுப் போக்குவரத்தும் மட்டம் உயரக் கூடாது என்பதில் அக்கறை காட்டின என்று கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். அது முழுக்கச் சரியா என்பதை விட்டுவிடுங்கள். தண்ணீரை நம்பிப் பிழைக்கிறவன் சுற்றுலாவை நம்பிப் பிழைக்கிறவனைப் பார்த்து அப்படிச் சந்தேகப்படுகிற நிலைமை அங்கே வந்துவிட்டது. கொளவாய்க்கும் அதைக் கொண்டுவர வேண்டுமா?

தேக்கடி என்றால் 2009 செப்டம்பர் 30-ஐயும் சொல்ல வேண்டும். கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் இரண்டடுக்குப் படகு 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர் செத்தார்கள். தமிழ்நாட்டுக் குடும்பங்களும் அதில் இருந்தன. 2023 மே 7-ஆம் தேதி மலப்புரம் மாவட்டத்துத் தானூரில் கவிழ்ந்த படகில் 22 பேர். அதில் குழந்தைகள் பலர். நீண்ட காலமாகப் படகுத் தொழில் பழகிய கேரளத்திலேயே இது நடக்கிறது. நம் ஊரில் குத்தகைக்கு எடுத்தவர் எத்தனை உயிர்காப்பு உடுப்பு வைத்திருப்பார், அதில் எத்தனை கட்ட முடிகிற நிலையில் இருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

படகு வீட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆலப்புழையின் கெட்டுவள்ளம் நெல்லும் சரக்கும் ஏற்றிய படகு. சாலை வந்து சரக்கு லாரிக்குப் போனபின், வேலையிழந்த படகுக்குப் புதிதாகக் கிடைத்த வேலைதான் விருந்தாளி. தால் ஏரியின் படகு வீடு, காஷ்மீரில் நிலம் வாங்க வெள்ளைக்காரனுக்கு அனுமதி இல்லாததால் தண்ணீரில் குடியேறிய ஏற்பாடு. இரண்டுக்கும் அந்தந்த மண்ணில் காரணம் இருந்தது. இரண்டு இடங்களிலும் கழிவறைத் தண்ணீர் எங்கே போகிறது என்பதே இன்றுவரை தீராத வழக்கு. கோடையில் வற்றிப்போகிற ஏரியில் படகு வீடு கட்டினால், சித்திரையில் அது சேற்றில் குந்தியிருக்கும். விருந்தாளி ஏணி வைத்து ஏற வேண்டியதுதான்.

அப்படியானால் இந்த மாவட்டத்தில் ஏரியைப் பார்க்க யாரும் வரவே கூடாதா என்று கேட்கலாம். வருகிறார்களே! செங்கல்பட்டைத் தாண்டி படாளம் கூட்டு ரோட்டில் திரும்பிப் போனால் வேடந்தாங்கல். பறவைகளைத் துப்பாக்கியால் சுடுகிறார்கள் என்று கிராமத்தார் முறையிட்டதன்பேரில், கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-இல் அவர்களுக்கு உரிமைப் பத்திரம் எழுதிக்கொடுத்த ஊர். 1936-இல் சரணாலயமாக அங்கீகாரம். 2022-இல் கரிக்கிலியோடு சேர்ந்து ராம்சர் பட்டியலில் இடம். ஏரி மொத்தம் ஏறக்குறைய 30 ஹெக்டேர்தான். அதாவது நம் மாவட்டக் கணக்கில் சின்ன ஏரி.

தை மாதம் ஒரு சாயங்காலம் அந்தக் கரையில் நின்று பாருங்கள். நீர்க்கடம்ப மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். ஒவ்வொரு மரத்திலும் அடுக்கடுக்காகக் குடியிருப்பு: உச்சியில் ஒருவர், நடுக்கிளையில் ஒருவர், தண்ணீரைத் தொடுகிற கிளையில் இன்னொருவர். நத்தை குத்தி நாரை அலகு இடைவெளியில் சுள்ளியைக் கவ்விக்கொண்டு வந்து இறங்கும். அடுத்த கூட்டுக்காரன் அந்தச் சுள்ளியைத் திருடப் பார்ப்பான். அதற்கு ஒரு சச்சரவு. கரண்டிவாயன், கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாம் பொழுது சாயச் சாய சுற்று வட்டார ஏரிகளில் இரை தேடிவிட்டுத் திரும்பும். கரையில் நிற்கிற சனமோ சென்னையிலிருந்து, திருச்சியிலிருந்து, வெளிநாட்டிலிருந்து. குழந்தைகள் தொலைநோக்கிக்கு வரிசையில் நிற்கும். படகு இல்லையா என்று கேட்கிற ஒரே ஒரு ஆளாவது இருப்பார், உண்மைதான். பத்து நிமிஷம் கழித்து அவரும் கையை நீட்டிப் பறவையைக் காட்டிக்கொண்டிருப்பார்.

அந்த ஏரி இன்றைக்கும் பாசன ஏரி. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது. அதனால்தான் ஊர்க்காரர்கள் பறவையைக் காக்கிறார்கள், தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்காணிப்பு இருந்தால்தான் ஏரி பிழைக்கும் என்றீர்களே, இதுதான் கண்காணிப்பு. இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக ஏரியைக் காத்தது டிக்கெட் வாங்கியவன் அல்ல. அந்தத் தண்ணீரில் தன் பங்கு இருக்கிறது என்று அறிந்தவன். சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் சுற்றெல்லையைச் சுருக்கும் யோசனை 2020-இல் வந்தபோதும் எதிர்த்தவர்களில் அப்படிப்பட்டவர்களும் இருந்தார்கள். இதற்கெல்லாம் ஆயிரம் ஆண்டு முன்பே, பக்கத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, குடவோலையில் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஏரி வாரியத்தையும் சேர்த்துச் சொல்கிறது. மதுராந்தகத்தில் கரை உடையாமல் வில்லேந்திக் காவல் நின்றதாக பிளேஸ் துரை கண்ட ராமருக்கே 'ஏரி காத்த ராமர்' என்றுதான் பெயர். நம் ஊர் தெய்வத்துக்குக்கூட ஏரியில் கிடைத்த உத்தியோகம் கரைக் காவல்.

படகே ஆகாது என்பவனல்ல நான். பக்கிங்காம் கால்வாயில் விறகும் உப்பும் ஏற்றிப் படகு ஓடிய பகுதி இது. ஒரு காலத்தில் மாமல்லபுரத்துக்குச் சிற்பம் பார்க்க வந்தவர்கள் அந்தக் கால்வாய்ப் படகில்தான் வந்தார்கள். படகில் போயே தீர வேண்டும் என்கிற குடும்பத்துக்கு இந்த மாவட்டத்திலேயே இடம் உண்டு. முட்டுக்காட்டில் 1984 முதல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகு இல்லம் நடத்துகிறது. இப்போது இரண்டு தளம் கொண்ட உணவகக் கப்பலும் மிதக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் தெற்கே போனால் முதலியார்குப்பத்தில் இன்னொன்று. இரண்டும் கடலோடு கலக்கிற உப்பங்கழிகள். அங்கே மதகு இல்லை, நவரை இல்லை, மட்டத்துக்காக யாரும் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. அங்கேயும் கண்ணை மூடிக்கொள்ள முடியாதுதான்: பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாகத் தெற்கு பக்கிங்காம் கால்வாயில் வந்து, முட்டுக்காட்டு முகத்துவாரத்தில்தான் கடலைச் சேர்கிறது. முகத்துவாரம் மணல்மூடினால் சோழிங்கநல்லூரில் தண்ணீர் ஏறும். ஆனாலும் படகு மிதக்கத் தகுந்த நீர்நிலை அதுதான். கொளவாயில் படகு விடச் சொல்கிறவர்கள் பாதிப் பேர் மனைவி மக்களோடு கோவளம் போனவர்களாகத்தான் இருப்பார்கள். முட்டுக்காடு அங்கிருந்து எட்டும் தூரம்தான்.

கடைசியாக வருமானம். படகுச் சீட்டுப் பணம் கழகத்துக்கோ குத்தகைதாரருக்கோ போகும். ஊருக்கு மிஞ்சுவது வாகனம் நிறுத்தும் இடத்தில் நாலு பஜ்ஜிக் கடை. பஜ்ஜிக் கடையை நான் குறைத்துப் பேசவில்லை, அதுவும் ஒரு பிழைப்பு. ஆனால் அதே ஏரியில் மீன்பிடிக் குத்தகை இருக்கிறது, வண்டல் இருக்கிறது, கரைப் பனை இருக்கிறது, சுற்றியுள்ள கிணறுகளின் ஊற்று இருக்கிறது. இவற்றுக்கு விலை போட்டுப் பார்க்காமல் ஏரி சும்மா கிடக்கிறது என்று கணக்கெழுதுவது எந்த ஊர்க் கணக்கு?

மறைமலை நகர்த் தொழிலாளியின் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை ஓர் இடம் வேண்டும் என்பதை மறக்கவில்லை. ஏற்கெனவே இருக்கிற கரைமேல் மர நிழலில் உட்கார நாலு கல்பலகை, ஒழுங்கான கழிப்பறை, பறவை பார்க்க ஒரு மேடை, மாலை வெளிச்சம் போவதற்குள் திரும்ப ஒரு பேருந்து. இதற்கு மதகைத் தொட வேண்டியதில்லை. மேட்டுப் பக்கத்தை அடைக்க வேண்டியதில்லை. படகு இல்லத்துக்கான மதிப்பீட்டில் சின்னப் பங்குக்கே முடியும். மீதிப் பணத்தைச் செங்கல்பட்டு நகரத்துச் சாக்கடை கொளவாய்க்குள் விழாமல் தடுக்கிற குழாய்க்கும் சுத்திகரிப்புக்கும் போடட்டும். அடுத்த கிராம சபையில் படகு கேட்டு எழுதிவைத்த மனுவை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள், வரத்துக் கால்வாயின் எல்லைக்கல் எந்தெந்த சர்வே எண்ணில் இருக்கிறது, அதில் எத்தனை கல் இன்னும் நட்ட இடத்தில் இருக்கிறது என்ற கேள்வியையும் அதே தாளில் சேர்த்து எழுதிக் கேட்கட்டும். அதற்குப் பதில் வந்த பிறகு படகைப் பற்றிப் பேசலாம்.